மவுன்ட் ரோடில் ஒரு வாத்து!

முதுகில் கிடாரோடு மெட்ரோவில் ஏறிப் பாருங்கள் மக்களே... அத்தனை பேரும் உங்களை ஏதோ பெரிய மியூசிக் ட்ரூப் ஆள் என்று நினைத்து ஒரு லுக் விடுவார்கள். இந்தப் பையன் அதை விக்கத்தான் எடுத்துட்டுப் போறான்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்!

கிண்டியில் ஏறி, எல்.ஐ.சி. ஸ்டேஷனில் இறங்கி, படியேறினால் மவுன்ட் ரோடு. எதிரே எல்.ஐ.சி. கட்டடம். 1959-ல் திறந்தபோது இந்தியாவிலேயே உயரமான கட்டடம் இதுதானாம். இன்றைக்கு அந்த வழியாகப் போகிறவர்கள்கூட திரும்பிப் பார்ப்பதில்லை. என் கிடாரின் நிலைமையும் கிட்டத்தட்ட அதேதான்.

அது அக்கௌஸ்டிக்-எலெக்ட்ரிக். சும்மாவும் வாசிக்கலாம், ஒயர் குத்தி ஸ்பீக்கரிலும் வாசிக்கலாம். அக்கா மறைமலை நகரில் வேலைக்குச் சேர்ந்து வாங்கிய முதல் ரெண்டு மாசச் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்தது. விலை 11,500. ரூமில் வாசித்தால் சமர்த்து. ஆனால், போன கல்ச்சுரல்ஸில் மேடையேறி ஒயரைக் குத்தியதும் 'க்வாக் க்வாக்' என்று ஒரு சத்தம். நடுவில் மூணாவது கம்பி சத்தமே வரவில்லை. வால்யூமைக் கூட்டினால் 'ஊஊ...' என்று ஊளை. அன்றிலிருந்து ஹாஸ்டலில் அதற்குப் பெயர் 'வாத்து'. எனக்கும் அதே பெயர்தான், அதை விடுங்கள்.

அதான் முடிவு பண்ணிட்டேன். வாத்தை வித்துட்டு, மேல் பலகை முழுசும் ஸ்ப்ரூஸ் மரத்தில் செய்த கிடார் ஒன்று வாங்குவது. விலை 26,500. கல்யாணக் கச்சேரிகளில் வாசித்துச் சேர்த்தது 18,000. மிச்சத்துக்கு வாத்து.

முதலில் மியூசி மியூசிக்கல். 1842-ல் ஆரம்பித்த கடை. ஹிக்கின்பாதம்ஸைவிட ரெண்டு வயசு மூத்தது! நம்ம ஊரில் டிரினிட்டி மியூசிக் எக்ஸாம் எழுதிய யாரைக் கேட்டாலும் இந்தப் பெயர் வரும். உள்ளே பியானோக்களைப் பார்த்ததும் தானாகவே குரல் தாழ்ந்துவிட்டது. ஆசை தீரப் பார்த்துவிட்டு வெளியே வந்தேன். நான் போக வேண்டியது ராயப்பேட்டைப் பக்கம், பழசை எடுத்துக்கொள்ளும் ஒரு சின்னக் கடைக்கு.

குறுக்கு வழி ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. கார் சீட் கவர், ஹாரன், ஸ்டீரியோ என்று வரிசையாகக் கடைகள். ஒருத்தர் ஹாரனை டெஸ்ட் பண்ண, எதிர்க் கடைக்காரர் இன்னொரு ஹாரனில் பதில் கொடுக்க... சென்னையின் உண்மையான ஜுகல்பந்தி இங்கேதான் நடக்கிறது.

சின்னக் கடையில் ரிப்பேர் பார்க்கும் அண்ணன் கிடாரை வாங்கி, ஒயர் குத்தி ஒரு தடவை மீட்டினார். உதட்டைப் பிதுக்கினார். "4,500 தரலாம் தம்பி."

நெஞ்சே அடைத்துவிட்டது. அக்காவோட ரெண்டு மாசம் 4,500-ஆ?

"ஏண்ணா இவ்ளோ கம்மி?"

பதில் சொல்லாமல் கம்பிகளைத் தளர்த்தினார். கம்பிகள் ஏறி உட்காரும் அந்த வெள்ளைப் பட்டையை உருவினார். அடியில் மெல்லிசாக ஒரு ஒயர். அதுதான் பீஸோ பிக்கப். அழுத்தினால் மின்சாரம் தரும் பொருள். 1880-ல் க்யூரி சகோதரர்கள் கண்டுபிடித்தது. செகண்ட் செமஸ்டர் பிசிக்ஸில் ரெண்டு மார்க் கேள்வியாகப் படித்து, எழுதி, மறந்தாச்சு. இதைக் கிடாரில் மேடைக்கு மேடை பிரபலமாக்கிய ஓவேஷன் கம்பெனியை 1966-ல் ஆரம்பித்தவர் சார்லஸ் கேமன். அவருக்கு மெயின் பிசினஸ் ஹெலிகாப்டர்!

அண்ணன் பட்டையின் அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் காட்டினார். நடுவில் லேசாகப் பள்ளம்.

"யாரு தேய்ச்சது?"

நான்தான். கம்பி உயரமா இருக்கு, விரல் வலிக்குதுன்னு வீடியோ பார்த்து உப்புத்தாளால் நானே தேய்ச்சேன். அடிப்பக்கம் சமமாக இல்லையென்றால் பிக்கப்பில் எல்லாக் கம்பியும் ஒரே மாதிரி அழுத்தாது. மூணாவது கம்பி காணாமல் போனதற்குக் காரணம் என் கைங்கர்யம்! போதாதற்கு ஜாக்கை எப்போதும் குத்தியே வைத்திருப்பேன். அது உள்ளே இருந்தாலே ப்ரீ-ஆம்ப் ஆன் ஆகி, ஒன்பது வோல்ட் பேட்டரியைத் தின்றுகொண்டே இருக்குமாம்.

புதுப் பட்டை, பேட்டரி, கூலி எல்லாம் சேர்த்து 450 ரூபாய். அரை மணி நேரத்தில் மூணாவது கம்பி உயிரோடு வந்தது. க்வாக் முழுசாகப் போகவில்லை. "பீஸோன்னா கொஞ்சம் அப்படித்தான்" என்றவர், நான் ஆசைப்பட்ட 26,500-ஐயும் எடுத்து அதே ஆம்ப்பில் குத்திக் காட்டினார். அதிலும் லேசாக ஒரு வாத்து!

அத்தோடு கிளம்பியிருந்தால் கதை சுபம். நான்தான் ஒயரைக் கழற்றிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு ரெண்டையும் மாற்றி மாற்றி வாசித்தேன். பொய் சொல்ல மாட்டேன்... புதுசு வேற லெவல். ஒரு தட்டு தட்டினால் சத்தம் நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மறுக்கிறது. என்னுடையது ப்ளைவுட், பக்கத்து ரூமில் யாரோ வாசிப்பதுபோல இருந்தது.

"ஆனா இதுக்குக் காத்துல ஈரம் 45-லிருந்து 55 பர்சென்ட்குள்ள இருந்தாத்தான் நல்லது. சென்னைக் காத்துல பலகை உப்பும். ஹாஸ்டல்ல இதுக்கு மட்டும் ஏ.சி. போடுவியா? உன் ப்ளைவுட் எதையும் தாங்கும்" என்றார் அண்ணன். விற்க உட்கார்ந்தவர் இப்படிப் பேசினால் எப்படி முடிவெடுப்பது!

வெளியே வந்து அக்காவுக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னேன்.

"உனக்குக் குடுத்தது. விக்கிறதும் வெச்சுக்கிறதும் உன் இஷ்டம்டா."

"கோவமா?"

"ச்சீ, இல்ல. விக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை வீட்டுக்கு எடுத்துட்டு வா. ரெண்டு வருஷம் ஆச்சு, அது எப்படிச் சத்தம் போடும்னு நான் இன்னும் கேட்டதே இல்ல."

நிஜம்தான். லீவுக்கு ஊருக்குப் போகும்போதெல்லாம் 'லக்கேஜ் ஜாஸ்தி' என்று வாத்தை ஹாஸ்டலிலேயே விட்டுவிட்டுத்தான் போயிருக்கிறேன்.

அண்ணனிடம் புதன்கிழமை வரை டைம் கேட்டேன். "வித்துப்போனா நான் பொறுப்பில்ல" என்றார். திரும்பவும் மெட்ரோ, கிண்டி, அங்கிருந்து செங்கல்பட்டு லோக்கல். சனிக்கிழமை மதியம் என்பதால் சீட் கிடைத்தது, கிடாருக்கும் சேர்த்து. அக்காவுக்கு 1980-ல் வந்த 'மூடுபனி'யில் பிரதாப் போத்தன் கிடாரோடு பாடுவாரே, அந்தப் பாட்டு என்றால் உயிர். எனக்கோ அதில் ஆரம்பம் மட்டும் அரைகுறையாகத் தெரியும். தாம்பரம் தாண்டியும் உறைக்கு மேலேயே விரலை வைத்து எந்த ஃப்ரெட் என்று தேடிக்கொண்டிருந்தேன்.