ஆளுருட்டி மலை

நார்த்தாமலை என்றதும் நார்த்தங்காய் ஊறுகாய் நினைவுக்கு வருகிறதா? புதுக்கோட்டையிலிருந்து திருச்சி போகும் வழியில், சுமார் 17 கிலோமீட்டரில் இருக்கும் ஊர் அது. வணிகர்கள் செழித்திருந்த 'நகரத்தார் மலை'தான் இப்படி மருவியது என்பார்கள்.

ஊராரைக் கேட்டால் கதையே வேறு! அனுமார் சஞ்சீவி மலையைத் தூக்கிச் சென்றபோது சிந்திய துண்டுகளாம் இந்தக் குன்றுகள். மூலிகைகள் மண்டிக் கிடப்பதும் அதனால்தானாம்.

ஒரு குன்றின் பெயர் மட்டும் நம்மை நடுங்க வைக்கிறது: ஆளுருட்டி மலை. குற்றவாளிகளை உச்சியிலிருந்து உருட்டிவிடுவார்களாம்! அதே குன்றின் பாறையில்தான், எறும்புக்கும் தீங்கு நினையாத சமணத் தீர்த்தங்கரர்கள் தியானத்தில் அமர்ந்திருக்கிறார்கள்.

பெயரோ உருட்டியவர்களைத்தான் நினைவு வைத்திருக்கிறது. குழந்தைகளை அழைத்துப் போனால், அமர்ந்திருப்பவர்களையும் காட்டுங்கள்.