இழிதலும் இழிவும்

நீரிழிவு என்ற சொல்லைக் கரும்பலகையில் பிரித்து எழுதினால் மாணவிகளின் கண் 'இழிவு' என்பதில்தான் நிற்கிறது. பழந்தமிழில் இழிதல் என்றால் கீழே இறங்குதல். மலையிலிருந்து அருவி இழியும். தேரிலிருந்து தலைவன் இழிவான். உடலிலிருந்து நீர் இழிந்துகொண்டே இருப்பதால் நீரிழிவு. தாழ்வு, அவமானம் என்ற பொருள் அந்த இறக்கத்திலிருந்து கிளைத்தது. ஆனால் இந்த நோயோடு வாழும் பெண்ணுக்கு இரண்டு பொருளும் ஒரே நாளில் வந்துவிடும்.

எனக்கு 38 வயதில் சர்க்கரை இருப்பது தெரிந்தது. வீடு ஏற்காட்டில், வேலை கீழே சேலத்தில். நடுவில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் விடியற்காலைக் குளிர் எலும்பைத் தொடும். குளிரில் தோலுக்குப் போகும் ரத்தம் குறைந்து உள்ளுறுப்புகளுக்குத் திரும்பும். சிறுநீரகம் கூடுதலாக நீரை வெளியேற்றும். சர்க்கரை இல்லாதவர்களுக்கே மலைக்கு வந்தால் அடிக்கடி போக வேண்டியிருப்பது இதனால்தான். இருப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். பேருந்தில் எத்தனையாவது வளைவு என்று சுற்றுலா வந்தவர்கள் பலகையைப் பார்த்துச் சத்தமாக எண்ணுவார்கள். நானும் எண்ணுவேன், வாய்க்குள்.

ரத்தத்தில் 100 மில்லிக்கு ஏறத்தாழ 180 மில்லிகிராமுக்கு மேல் சர்க்கரை ஏறினால் சிறுநீரகத்தால் அதை முழுவதும் மீட்டுக்கொள்ள முடியாது. மிஞ்சியது சிறுநீரில் இறங்கும். இறங்கும்போது தண்ணீரையும் கூட்டிக்கொண்டு போகும். தாகம், மறுபடி தண்ணீர், மறுபடி கழிப்பறை. இது முதல் கட்டம். ஆண்டுக்கணக்கில் சர்க்கரை கட்டுப்படாமல் இருந்தால் இரண்டாவது கட்டம் வரலாம். அது சத்தமில்லாமல் வரும். நரம்புகள் மெல்லக் கெடும். பாதம் மரத்துப்போவதைப் பற்றி எல்லோரும் எச்சரிக்கிறார்கள். சிறுநீர்ப்பையும் மரத்துப்போகும் என்பதை எத்தனை பேர் சொல்கிறார்கள்? பை நிறைந்தது தெரியாது. போனாலும் முழுவதும் காலியாகாது. தேங்கியதில் கிருமி வளரும். அளவு மீறியது தானாகக் கசியும். பெண்ணின் சிறுநீர்த்தாரை ஏறத்தாழ 4 சென்டிமீட்டர்தான். கிருமிக்கு அது குறுக்கு வழி.

"கடைசியா எப்போ போனீங்க?" என்று மருத்துவர் கேட்டார். காலையில் என்றேன். அப்போது மாலை நான்கு மணி. முன்பெல்லாம் மணிக்கொரு தரம் ஓடிய எனக்கு அது தேறிவிட்ட அறிகுறியாகத்தான் பட்டது. போய்விட்டு வரச் சொல்லி ஸ்கேன் எடுத்தார்கள். போன பிறகும் பையில் 200 மில்லிக்கு மேல் நின்றது.

இதைக் கல்லூரியில் யாரிடம் சொல்வது? நன்னூல் நடத்தும்போது இடக்கரடக்கல் சொல்லித்தருவேன். அவையில் சொல்லக் கூசுவதை வேறு சொல்லால் மறைத்துச் சொல்வது. 'கால் கழுவி வந்தேன்' என்பது வழக்கமான எடுத்துக்காட்டு. 'ஒன்றுக்கு', 'வெளிக்கு', 'பாத்ரூம்', 'ரெஸ்ட் ரூம்' என்று மொழி மாறினாலும் அடக்கல் மாறவில்லை. இலக்கணம் சொல்லைத்தான் அடக்கச் சொன்னது. நாம் சிறுநீரையே அடக்கக் கற்றுக்கொண்டோம். பள்ளிக் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இல்லாத நாளிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருக்க நமக்குத் தெரியும். பயணத்துக்கு முந்தின இரவே நாக்கை உலர்த்திக்கொள்கிறோம். சர்க்கரை உள்ள உடலில் அந்தப் பழக்கம் சிறுநீரைக் கடுக்க வைக்கிறது, தொற்றுக்கு வழிவிடுகிறது, நீர்வற்றிய ரத்தத்தில் சர்க்கரையை மேலும் ஏற்றுகிறது.

2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாகக் கணக்கிட்டது. நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்பவர்களின் நோய் என்று அதை இனியும் சொல்ல முடியாது. எங்கள் தெருவுக்குக் கீழே குடியிருக்கும் அக்கா காப்பித் தோட்டத்தில் பழம் பறிக்கிறவர். இடுப்பில் பையைக் கட்டிக்கொண்டு சவுக்கு நிழலில் அல்ல, சில்வர் ஓக் நிழலில், சரிவில் நாள் முழுக்க நின்று பறிப்பார். சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டும் உண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. வந்த மாத்திரையை அவர் என்ன செய்கிறார் என்பதுதான் கேள்வி.

"நீர் மாத்திரைய பறிப்பு நாள்ல போடறதில்ல டீச்சர். போட்டா அரை மணிக்கொருக்கா வருது. மேல காட்டுல மேஸ்திரி நிக்கறாரு, ஆம்பளைங்க நிக்கறாங்க. எங்க போய் உக்கார்றது?"

மருந்து வீடு தேடி வந்துவிட்டது. கழிப்பறை தோட்டம் தேடிப் போகவில்லை. பறிப்புக் காலம் மாதக்கணக்கில் நீளும். அத்தனை நாளும் அவருடைய ரத்த அழுத்தத்தைத் தீர்மானிப்பது ஒரு மறைவிடம்.

இது புதிதாகக் கேட்கும் சலுகை அல்ல. தோட்டங்களில் ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியாக, எளிதில் போய்வரக்கூடிய இடத்தில், போதுமான கழிப்பறைகள் வேண்டும் என்று தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951லேயே சொன்னது. சட்டத்தில் இருப்பதைக் கேட்டு வாங்கவும் பெண்கள்தான் கிளம்ப வேண்டியிருக்கிறது. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் தையல்காரரான விஜி 'பெண்கூட்டு' என்ற அமைப்பைக் கட்டினார். கடைகளில் வேலை செய்த பெண்கள் முதலில் கேட்டது கழிப்பறை, பிறகு உட்கார நாற்காலி. 2018இல் கேரளமும் 2021இல் தமிழ்நாடும் கடை ஊழியர்கள் உட்காரும் உரிமையைச் சட்டமாக்கின. மூத்திரத்தைப் பற்றி வெட்கப்படாமல் பேசியதில் தொடங்கிய கதை அது.

நான் இப்போது கடிகாரத்தைப் பார்த்துப் போகிறேன். உணர்வு வராவிட்டாலும் மூன்று மணிக்கு ஒருமுறை. போய்விட்டு, சற்றுப் பொறுத்து, மறுபடி ஒருமுறை முயல்வேன், தேங்குவது குறைகிறது. தண்ணீரைப் பகலில் குடித்துவிட்டு இரவில் குறைத்துக்கொள்கிறேன். காப்பி விளையும் மலையில் இருந்துகொண்டு மாலைக் காப்பியை விட்டது வருத்தம்தான், ஆனால் அது பையை உறுத்தும். சிரித்தால், தும்மினால் கசிகிறவர்களுக்கு இடுப்புத்தளத் தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சி உதவும். என்னைப் போலத் தேங்குகிறவர்களுக்குத் தேவை வேறு. எது நமக்கு என்பதைப் பரிசோதித்துத்தான் தெரிந்துகொள்ள முடியும். அதற்கு முதலில் வாய் திறக்க வேண்டும். எரிச்சலோடு காய்ச்சலும் முதுகுவலியும் வந்தால் தள்ளிப்போடவே கூடாது. தொற்று சிறுநீரகத்துக்கு ஏறியிருக்கலாம்.

போன பறிப்புக்கு முன்பு அக்காவும் இன்னும் ஆறு பெண்களும் தோட்டத்துக்கு ஒரு மனு எழுதித்தரக் கேட்டு வந்தார்கள். 'பெண்கள் சிறுநீர் கழிக்க, பறிக்கும் இடத்துக்கு அருகிலேயே மறைவான கழிப்பறை வேண்டும்' என்று எழுதி வாசித்துக் காட்டினேன். கூட வந்த இளம்பெண் நெளிந்தாள். "அந்த வார்த்தை வேணாம் மேடம். அடிப்படை வசதின்னு போட்டுருங்க."

அக்கா விடவில்லை. "அப்படியே இருக்கட்டும் டீச்சர். போன தடவ அடிப்படை வசதின்னுதான் எழுதிக் குடுத்தோம். தண்ணிக் கொழா போட்டுட்டுப் போயிட்டாங்க."