போன கரண்ட் திரும்பணும்

படப்பிடிப்புக்காக எளாவூர்ப் பக்கம் வந்து நின்ற கேரவனில் ஒரு ப்ளக் பாயிண்ட் வேலை செய்யவில்லை என்று கூப்பிட்டிருந்தார்கள், கதவைத் திறந்ததும் ரூம் ஸ்ப்ரே வாசனைக்கு அடியில் இன்னொரு நெடி, கருவாடு தீய்ந்தது போல, லேசாக மூக்கில் ஏற, கை டெஸ்டரைத் தேடுவதற்குள் மனசு கிழக்கே, சுண்ணாம்புக்குளம் தாண்டி, பழவேற்காட்டு ஏரிக்கரைக்குப் போய்விட்டது.

சூடேறிய சாக்கெட் அப்படித்தான் நாறும், மற்ற ஊரில் உடனே தெரிந்துவிடும், வாசலெல்லாம் நெத்திலியும் இறாலும் காயும் எங்கள் குப்பத்தில் எது கருவாடு, எது கருகும் பேக்லைட் என்று பிரிக்கத் தெரிந்தது பெரியப்பாவுக்குத்தான். வெற்றிலையைத் துப்பி, வாய் கொப்பளித்து, அப்புறம்தான் போர்டு பக்கம் குனிவார், கண்ணை மூடி முகர்வார், மெயினை இறக்கி, பியூஸ் கட்டையைப் பிடுங்கி வேட்டி மடியில் செருகிக்கொள்வார், யாரும் தெரியாமல் போட்டுவிடக் கூடாதென்று. மணைப்பலகை மேல் ஏறி மூடியைக் கழற்றினால் உப்புக்காற்றில் செம்புக் கம்பி பச்சை பூத்திருக்கும், அதைக் கத்தி முனையால் சுரண்டிச் சுரண்டி, சிவப்பு தெரிந்த பிறகுதான் ஸ்க்ரூவில் மாட்டுவார்.

கொல்லையில் எர்த் குழி, உப்பும் கரியும் அடுக்கடுக்காகப் போட்டு மூடியது, மண் காய்ந்தால் எர்த் எடுக்காது என்பதால் கோடையில் அதற்குத் தண்ணீர் ஊற்றுவது பெரியம்மா வேலை, "ஏரியே உப்பு, இதுக்கு வேற தனியா உப்பா" என்று முணுமுணுத்தபடி அரிசி களைந்த தண்ணீரைக் கொட்டுவாள். 1980-இல் எஸ்எல்வி-3 ரோகிணியைத் தூக்கிக்கொண்டு போன ஸ்ரீஹரிகோட்டா ஏரிக்கு அந்தப் பக்கம்தான், பின்னாளில் ராக்கெட் கிளம்பும் ராத்திரிகளில் அந்தக் கொல்லைகூட ஆரஞ்சு வெளிச்சத்தில் நனையும், கொஞ்சம் பொறுத்துச் சத்தம் வந்து ஜன்னலை அதிர வைக்கும், எல்லோரும் வானத்தைப் பார்க்க, பெரியப்பா மட்டும் மீட்டர் பெட்டியைப் பார்ப்பார், அதிர்ந்த இடத்தில் ஸ்க்ரூ தளரும் என்பது அவர் கட்சி.

அதை அவர் கற்றது நெடுஞ்சாலையில், இன்று 16 என்கிற சாலை அன்று 5, இறால் ஏற்ற வந்து நிற்கும் லாரிகளில் விளக்கு எரியவில்லை என்றால் பல்பைத் தொடவே மாட்டார், சேஸிஸில் எர்த் ஒயர் பிடித்திருக்கும் போல்ட்டைத் தேடித் துருவைத் தேய்ப்பார், "கரண்ட் வரலைன்னு சொல்லாதேப்பா, திரும்பிப் போவ வழியில்லைன்னு சொல்லு" என்பார், டீசலும் ஈரச் சாக்கும் மணக்க, விளக்கு எரியும்.

கேரவனில் இருந்த பையன் டெஸ்டரை வைத்துக் காட்டினான், "கரண்ட் இருக்குண்ணே, சாக்கெட்டை மாத்திடுங்க", இப்போதெல்லாம் மாற்றுவதுதான் பழுதுபார்ப்பது. பக்கத்து பாயிண்டில் இஸ்திரிப் பெட்டி ஆன் செய்தபடியே இருந்தது, டெஸ்டரை மற்ற துளையிலும் வைத்தேன், அங்கேயும் எரிந்தது, பேஸ் அந்தப் பெட்டி வழியாகச் சுற்றி வந்து நியூட்ரலில் நிற்கிறது, திரும்ப வழியில்லை. வீட்டுச் சுவருக்குப் போடும் ஒற்றைக் கம்பி ஒயரைக் குலுங்கும் வண்டிக்குள் இழுத்திருந்தார்கள், நியூட்ரல் ஸ்க்ரூ தளர்ந்து எங்கோ கருகியிருக்க வேண்டும், இனி பல இழை ஒயர் போட்டு, முனையில் லக் அடித்து இறுக்கினால்தான் நிற்கும்.

எம்சிபியைத் தட்டிவிட்டு மூடியைக் கழற்றப் போனால், "மேலே தூக்கிடலாமாண்ணே?" என்று அதற்குள் இரண்டு குரல், எம்சிபியை மடியில் செருக முடியாது, ஜெனரேட்டரை அணைக்கச் சொல்லி, அதை ஓட்டுகிறவரை அழைத்து என் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டேன், அவர் செல்போனில் மூழ்கினார், அதுவும் ஒரு பாதுகாப்புதான்.