ஒரே ஒரு ரவுண்டு



எங்கள் பழைய ஓட்டு வீட்டைப் பற்றி இங்கே முன்பே எழுதியிருக்கிறேன். திண்ணை, முற்றம், தாத்தா காலத்துத் தேக்குத் தூண் எல்லாவற்றையும் சொன்னேன். படித்துவிட்டு இரண்டு மூன்று பேர், "வீட்டை இடித்த கதையை மட்டும் விட்டுவிட்டீர்களே" என்று கேட்டார்கள். விட்டதற்குக் காரணம் இருக்கிறது. அதை எழுதினால் நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். என் மகளும் நான் எழுதுவதைப் படிக்கிறவள். அதனால் இத்தனை வருஷம் தள்ளிப் போட்டேன்.

போன வாரம் பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டை இடித்தார்கள். ரப்பீஸ் அள்ள வந்த டிராக்டரின் இரண்டு மட்கார்டிலும் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பொடிசுகள் உட்கார்ந்துகொண்டு போவதைப் பார்த்தேன். டிரைவரிடம் சொன்னேன். சிரித்துக்கொண்டே போய்விட்டான். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. எழுதிவிடுகிறேன்.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் அடித்தபோது பேராவூரணிப் பக்கம் இருந்தவர்களுக்கு நான் எதுவும் விளக்க வேண்டியதில்லை. தென்னை போனது, கரண்ட் போனது, எங்களுக்குக் கூரையும் போனது. பாதி ஓடு தெருவில் கிடந்தது. மீதிக்குத் தார்ப்பாய் கட்டி ஒரு மாதிரி ஓட்டினோம். உத்திரத்தில் கரையான் இருப்பது அப்போதுதான் தெரிந்தது. இனி ஓடு மாற்றிப் பிரயோசனம் இல்லை, இடித்துக் கட்டிவிடலாம் என்று முடிவானது. 2019 மே மாதம், தம்பி வீட்டுக்குக் குடி மாறினோம். அது பக்கத்து மனைதான், நடுவில் வேலிகூடக் கிடையாது. இடிக்கிற வேலையைப் பார்க்க வசதி என்று நினைத்தோம்.

என்னைத் தெரியாதவர்களுக்கு ஒரு வரி. 1980 முதல் 2011 வரை அரசாங்கத்தில் டிராக்டர் டிரைவராக இருந்தவன் நான். 31 வருஷம். ஆகவே இடிப்பு வேலைக்கு டிராக்டர் வந்தபோது, மேஸ்திரி, கொத்தனார் எல்லாரையும் விட எனக்குத்தான் வாய் அதிகம்.

வாய்க்குத் தகுந்த வேலையும் செய்தேன் என்றே சொல்ல வேண்டும். ஓடு, ரீப்பர், கைமரம், கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் ஆள் வைத்துக் கையாலேயே இறக்கினோம். செங்கல்லை மண் கலவையில் வைத்து, மேலே சுண்ணாம்பு பூசிய சுவர்கள். சம்மட்டிக்கே விழுந்தன. பின்கட்டுச் சமையலறைச் சுவர் மட்டும் அசையவில்லை. டிராக்டரில் சங்கிலி கட்டி இழுத்துவிடலாம் என்றான் டிரைவர். எங்கள் தெருப் பையன்தான், என்னைப் பெரியப்பா என்று கூப்பிடுவான். சங்கிலியை டாப் லிங்க் மாட்டும் இடத்தில், அதாவது உயரத்தில், கட்டப் போனான். நான் சத்தம் போட்டுக் கீழே கொக்கியில் மாட்டச் சொன்னேன். உயரத்தில் கட்டி இழுத்தால், சுவர் வராத பட்சத்தில் டிராக்டரின் முன்பக்கம் தூக்கும். அப்படியே மல்லாந்தால் டிரைவர் அடியில் போய்விடுவான். தாவிக் குதிக்கக்கூட நேரம் இருக்காது. சுவர் 12 அடி உயரம் என்றால் வண்டி அதைப் போல இரண்டு பங்குக்கு மேல் தள்ளி நிற்க வேண்டும் என்று கயிறும் சேர்த்துக் கட்டினேன். இழுக்கும்போது யாரும் சங்கிலிக்கு நேரே நிற்கக் கூடாது, அறுந்தால் அது சாட்டை மாதிரி திரும்பி வரும் என்று எல்லாரையும் விரட்டினேன். சுவர் பத்திரமாக விழுந்தது. "பெரியப்பா இருந்ததாலே தப்பிச்சோம்" என்றான் பையன். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இதெல்லாம் இரண்டாம் நாள். முதல் நாள் நடந்ததைத்தான் சொல்லத் தயங்கிக்கொண்டிருக்கிறேன்.

மகளும் பேரனும் கோடை லீவுக்குக் கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்தார்கள். அவனுக்கு அப்போது 4 வயது. டிராக்டரைக் கண்டதும் சாப்பாடு, தூக்கம் எதுவும் வேண்டாம் என்று ஆகிவிட்டது. முதல் நாள் மகள் பட்டுக்கோட்டைக்குத் துணி எடுக்கப் போயிருந்தாள். பையன் டிராக்டரைப் பார்த்து அழுகிறான். "ஏங்க, வேண்டாங்க, பழகிக்குவான்" என்றாள் என் மனைவி. "31 வருஷம் ஓட்டினவனுக்கு நீ சொல்றியா" என்று நான் ஏறி உட்கார்ந்து, இடது பக்கப் படியில் அவனைத் தூக்கி நிறுத்தி, மடியில் வைத்துக்கொண்டேன். குளக்கரை வரை போய்த் திரும்பினோம். ஹாரனையும் அவனையே அடிக்க விட்டேன். ஒரே ஒரு ரவுண்டு. பத்து நிமிஷம் இருக்கும். அன்றைக்கு அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் இப்போதும் மறக்கவில்லை. அதுதான் கஷ்டமாக இருக்கிறது.

சாயங்காலம் அம்மாவிடம் "தாத்தா டிராக்டர்ல கூட்டிட்டுப் போனாங்க" என்றான். நிற்கிற வண்டியில் உட்கார வைத்திருப்பேன் என்று அவள் நினைத்துக்கொண்டாள். நானும் திருத்தவில்லை.

மூன்றாம் நாள் காலை 11 மணி இருக்கும். ரப்பீஸை எங்கள் பள்ளமான மனைக்கட்டில் கொட்டிக்கொண்டிருந்தோம். ஒரு டிப்பருக்கு ஏறக்குறைய ஒரு யூனிட். இடிந்த செங்கலும் மண்ணுமாக 3 டன்னுக்குக் குறையாது. தெரு குறுகல், வண்டி திரும்ப இடமில்லை. ஒவ்வொரு தடவையும் காலி டிப்பரை ரிவர்ஸில்தான் வாசலுக்குள் விட வேண்டும். ஓட்டியவர்களுக்குத் தெரியும், இரண்டு சக்கர டிப்பரைப் பின்னால் தள்ளுவது எவ்வளவு பாடு என்று. ஸ்டியரிங்கை ஒரு பக்கம் ஒடித்தால் டிப்பர் மறு பக்கம் போகும். டிப்பரை நேராக்குவதற்குள் டிராக்டரின் மூக்கு இப்படியும் அப்படியும் வீசும். வாசலின் வலது மூலையில் ஒரு மின்கம்பம். அதில் இடிக்காமல் இருக்க நான் வலது பக்கம் பின்னால் நின்று "வா, வா, ஒடி, ஒடி" என்று கை காட்டுகிறேன். டிரைவர் வலது தோள் வழியாகத் திரும்பி என் கையையே பார்க்கிறான். இடது பக்கத்தைப் பார்க்க அங்கே யாரும் இல்லை.

பேரன் எங்கே? மகள் குளித்துக்கொண்டிருந்தாள், பாட்டியிடம் இருக்கிறான் என்று நினைத்தாள். பாட்டி அடுப்படியில் இருந்தாள், தம்பி மருமகளோடு டிவி பார்க்கிறான் என்று நினைத்தாள். தம்பி மருமகள் அவனை என்னிடம் அனுப்பிவிட்டதாக நினைத்திருக்கிறாள். வீடு நிறைய ஆள் இருந்தால் இதுதான் நடக்கும்.

நான் கண்டது கடைசியில்தான். ஒரு சித்தாள் அம்மா, ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், தலையிலிருந்த பாண்டை அப்படியே கீழே போட்டுவிட்டு டிராக்டரின் இடது பக்கம் ஓடுவது தெரிந்தது. ஏதோ கத்தினார். எஞ்சின் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை, டிரைவருக்கும் கேட்கவில்லை. நான் அந்தப் பக்கம் சுற்றி வருவதற்குள் அவர் பேரனை இடது கையைப் பிடித்து வெளியே இழுத்துவிட்டார். அவன் நின்றிருந்தது முன்சக்கரத்துக்கும் பெரிய சக்கரத்துக்கும் நடுவில், அந்த ஏறுபடிக்குக் கீழே. வண்டியின் மூக்கு இடது பக்கம் வீசிக்கொண்டே பின்னால் வருகிறது. அவன் நின்ற இடத்தில் முன்சக்கரம் ஏறி, அதற்கப்புறமும் ஓரடி போய்த்தான் வண்டி நின்றது. அந்த அம்மா இழுக்காமல் வெறுமனே கத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நான் எழுதப் போவதில்லை.

இதற்கப்புறம் நடந்ததும் எனக்கு வெட்கம்தான். பையன் இடது கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வீறிட்டு அழுகிறான். கையைத் தொட விடவில்லை. மகள் ஈரத்தலையோடு ஓடி வந்தாள். நடந்தது அவளுக்குத் தெரியாது. அவள் பார்த்தது குழந்தையின் கையைப் பிடித்திருந்த சித்தாளைத்தான். "சின்னப் பிள்ளையை இப்படியா இழுக்கறது? கையை ஒடிச்சிட்டீங்களே!" என்று கத்தினாள். அந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். நானாவது சொல்லியிருக்க வேண்டும். என் நாக்கு எழவில்லை.

பேராவூரணியில் டாக்டரிடம் காட்டினோம். அவர் எக்ஸ்ரேகூட எடுக்கவில்லை. முழங்கை மூட்டில் எலும்பு லேசாக நழுவியிருக்கிறது, ஐந்து வயதுக்குள் உள்ள பிள்ளைகளைக் கையைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தால் இப்படி ஆகும், பயப்பட ஒன்றுமில்லை என்றார். கையைப் பிடித்து ஒரு திருப்பு திருப்பி மடக்கினார். 'டக்' என்றது. கொஞ்ச நேரத்தில் பையன் அதே கையால் மேசைமேல் இருந்த ஸ்டெதஸ்கோப்பை எட்டிப் பிடித்தான்.

ஆட்டோவில் திரும்பும்போது மடியில் வைத்துக்கொண்டு கேட்டேன். "ஏன்டா கண்ணு, வண்டிகிட்ட எதுக்கு வந்தே?"

"ஏறத்தான் தாத்தா" என்றான். இது என்ன கேள்வி என்பது போலப் பார்த்தான்.

நான் தூக்கி நிறுத்திய அதே படிக்குத்தான் வந்திருக்கிறான். ஓடுகிற டிராக்டர் சத்தம் கேட்டால் மற்ற பிள்ளைகள் பயந்து ஒதுங்கியிருக்கும். இவனுக்கு அது தாத்தா கூப்பிடுகிற சத்தம். பத்து நிமிஷத்தில் நான் சொல்லிக் கொடுத்த பாடம் அது. டிரைவர் ஸீட்டில் இருப்பது நானா வேறு ஆளா, தான் அங்கே நிற்பது அந்த ஆளுக்குத் தெரியுமா என்பதெல்லாம் 4 வயதுப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்?

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சீனியர் டிரைவர் எனக்குப் பழக்கிக் கொடுத்தது ஒன்று உண்டு. சாவியைத் தொடுமுன் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வர வேண்டும். கிராமத்துக்குப் போனால் டிப்பருக்கு அடியில் நிழலுக்குப் பிள்ளைகள் படுத்திருக்கும், கொக்கியில் உட்கார்ந்திருக்கும். நான் விரட்டாத பிள்ளை கிடையாது. "கடுவன் டிரைவர்" என்று சில ஊர்களில் எனக்குப் பெயர். ஊரார் பிள்ளைக்குக் கடுவனாக இருந்தவன், சொந்தப் பேரனுக்கு ஹாரன் அடிக்கக் கொடுத்தேன்.

அன்று மதியம் வேலையை நிறுத்திவிட்டோம். மறுநாள் தம்பி வீட்டு வாசலுக்கும் இடிக்கிற மனைக்கும் நடுவில் தகரம் கட்டி அடைத்தேன். முதல் நாளே செய்திருக்க வேண்டியது. பேரனைப் பார்ப்பது ஒரே ஆள் வேலை, அந்த ஆள் மாறினால் வாயால் சொல்லி ஒப்படைக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். ரிவர்ஸ் எடுக்கும்போது இடது பக்கமும் ஒரு ஆள் நின்றார். இருவரில் ஒருவர் கை தூக்கினாலும் வண்டி நிற்க வேண்டும். சாப்பாட்டு நேரத்தில் சாவி என் சட்டைப் பையில் இருந்தது. டிப்பரைத் தூக்கிய நிலையில் விட்டுப் போகிற பழக்கத்தையும் நிறுத்தினேன். எஞ்சின் ஆஃப் ஆகியிருந்தாலும் ஹைட்ராலிக் லீவரைத் தள்ளினால் போதும், டிப்பர் இறங்கிவிடும். லீவரைத் தள்ள 4 வயதுக் கைக்குப் பலம் உண்டு. பாதி இடித்த சுவரை ராத்திரிக்கு நிற்க விடவில்லை. கொல்லைக் கிணற்றுக்கு, இறக்கிய கதவு ஒன்றையே மூடியாகப் போட்டு மேலே கல் வைத்தோம். பையன் இரண்டு நாள் அழுதான். அழட்டும் என்று விட்டேன்.

அந்தச் சித்தாள் அம்மா மறுநாள் வேலைக்கு வரவில்லை. பிள்ளை கையை ஒடித்துவிட்டோம் என்று பயந்து வரவில்லை என்றார் மேஸ்திரி. சாயங்காலம் மகளையும் பேரனையும் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். அதற்குள் டிரைவர் பையன் மகளிடம் நடந்ததைச் சொல்லியிருந்தான். மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவர் பேரனின் முழங்கையைத் தடவித் தடவிப் பார்த்து, "வலிக்குதா சாமி, வலிக்குதா?" என்றே கேட்டுக்கொண்டிருந்தார். பணம் கொடுத்தேன். "எதுக்குண்ணே?" என்று வாங்க மறுத்துவிட்டார். புடவையை மட்டும் மகள் வற்புறுத்தியதால் வாங்கிக்கொண்டார்.

பிள்ளையைக் கவனிக்காமல் குளிக்கப் போனது தன் தப்பு என்று மகள் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் மனைவி என் முகத்தைப் பார்ப்பாள், ஒன்றும் சொல்ல மாட்டாள். அம்மா, இதைப் படித்துக்கொண்டிருந்தால் தெரிந்துகொள். நீ இல்லாத அன்று வண்டி நிற்கவில்லை, ஓடியது. ஓட்டியது நான்தான்.

புது வீடு கட்டிக் குடி வந்தாயிற்று. பேரன் இப்போது என் தோள் உயரம் வளர்ந்துவிட்டான், அவனுக்கு அது எதுவும் ஞாபகமில்லை. அந்த அம்மா நூறு நாள் வேலைக்குப் போகும்போது எங்கள் தெரு வழியாகத்தான் போவார். திண்ணையில் என்னைப் பார்த்தால் நின்று ஒரே கேள்வி கேட்பார்:

"பேரன் கை நல்லா இருக்காண்ணே?"

"நல்லா இருக்கு" என்பேன்.