வரிசையில் வந்து நின்ற ராஜா

ஏ.எம்.ராஜாவின் குரலைத் தெரியாதவர்கள் குறைவு. 'மிஸ்ஸியம்மா'வில் ஜெமினி கணேசனுக்காகப் பாடிய அந்தக் குழைவான குரல், இன்றைக்கும் ராத்திரி நேரத்தில் எங்காவது ஒலித்துக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால், உச்சத்தில் இருந்தபோதே அவர் தமிழ்ப் படங்களிலிருந்து காணாமல் போனதும், பல வருஷம் கழித்துத் திரும்பி வந்ததும் நிறைய பேருக்குத் தெரியாது. எனக்கு அந்தக் கதை ரொம்பப் பிடிக்கும்.

ராஜா வெறும் பாடகர் மட்டும் இல்லை. 1959-ல் ஸ்ரீதர் முதன்முதலாக இயக்கிய 'கல்யாணப் பரிசு' படத்துக்கு இசையமைப்பாளரே அவர்தான். பாட்டு பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம். மெட்டும் ராஜா, குரலும் ராஜா. அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. அடுத்து 'விடிவெள்ளி', 'தேன் நிலவு', 'ஆடிப்பெருக்கு' என்று வரிசையாக வந்தன.

அதன் பிறகு தமிழில் ஒரு நீண்ட மௌனம். தன் இசை விஷயத்தில் யாருக்கும் வளைந்து கொடுக்காதவர் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். ஜெமினிக்குப் பாடும் வாய்ப்பெல்லாம் பி.பி.ஸ்ரீனிவாஸுக்குப் போனது. ராஜா மலையாளத்தில் பாடினார். மனைவி ஜிக்கியோடு மேடைக் கச்சேரிகள் செய்தார்.

1971-ல் 'ரங்கராட்டினம்' படத்தில் அந்தக் குரல் திரும்பக் கேட்டது. அடுத்த வருஷம் 'புகுந்த வீடு' படத்தில் ஜிக்கியோடு சேர்ந்து பாடினார். பசுமலையில் எங்கள் வீட்டுக்கு அந்தப் பாட்டைக் கொண்டுவந்தது இலங்கை வானொலிதான். அம்மா அடுப்படியில் இருந்தபடியே, "இது ராஜாவும் ஜிக்கியும்ல!" என்று கரண்டியோடு வெளியே வருவார். காணாமல் போன சொந்தக்காரர் திரும்பி வந்த மாதிரி ஒரு சந்தோஷம் அந்த முகத்தில்.

என் தாய்மாமா மில் தொழிலாளி. சாயங்காலமானால் மெல்லிசைக் குழுப் பாடகர். பழங்காநத்தம், பைக்காரா, திருப்பரங்குன்றம் என்று சுற்றுவட்டாரத்தில் எந்தக் கல்யாணம், எந்தக் கோயில் விசேஷம் என்றாலும் ராஜா பாட்டுக்கு மாமாதான். அத்தை இறந்த அன்றோடு பாட்டை விட்டார். பன்னிரண்டு வருஷம். யார் கேட்டாலும், "குரல் போச்சு" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

போன வருஷம் அவருடைய பேத்தி செல்போனில் கரோக்கி போட்டுப் பாடிக்கொண்டிருந்தாள். ராஜா பாட்டு. ஓர் இடத்தில் அவளுக்குச் சரியாக வரவில்லை.

"அந்த இடத்துல அழுத்தாத கண்ணு. ராஜா அழுத்த மாட்டாரு" என்றார் மாமா.

"அப்ப நீங்களே பாடிக் காட்டுங்க தாத்தா."

சுருதியை இறக்கச் சொன்னார். பாடினார். பழைய மாமா இல்லை. மேலே போகிற இடத்தில் மூச்சு வாங்கியது. முடியாத சங்கதியை விட்டுவிட்டு நேராகப் பாடினார். பேத்தி எதுவும் சொல்லாமல் அதைப் பதிவு செய்தாள். நான் அடுப்படிப் பக்கம் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"இத்தனை நாளா ஏன் மாமா பாடல?" என்று பிறகு கேட்டேன்.

"பழைய மாதிரி வராதேம்மா... அந்தக் கூச்சந்தான். ராஜாவ நெனச்சுப் பாரு. மெட்டுப் போட்டு நாலு பேரப் பாட வச்ச மனுஷன். திரும்பி வந்தப்ப அடுத்தவங்க மெட்டுக்கு மைக் முன்னாடி வந்து நின்னாரு. நாட்டாமையா இருந்தவரு வரிசையில நின்னாருல்ல?"

மாமா சொன்னது நிஜம். 'ரங்கராட்டினம்' இசை வி.குமார், 'புகுந்த வீடு' இசை சங்கர்-கணேஷ். ராஜாவுக்குப் பின்னால் வந்தவர்கள். அதற்குள் டி.எம்.எஸ். இமயமாக நின்றிருந்தார், எஸ்.பி.பாலசுப்ரமணியம் என்ற இளைஞர் வந்துவிட்டார். பழைய இடம் ராஜாவுக்காகக் காத்திருக்கவில்லை. அவரும் குரலை மாற்றிக்கொள்ளவில்லை; அதே மென்மையோடு பாடினார். 'வீட்டு மாப்பிள்ளை', 'எனக்கொரு மகன் பிறப்பான்' படங்களுக்கு இசையும் அமைத்தார். 'கல்யாணப் பரிசு' காலம் திரும்பவில்லை. ஆனால், நமக்குச் சில நல்ல பாட்டுகள் கூடுதலாகக் கிடைத்தன.

1989 ஏப்ரல். கச்சேரிக்காகப் போன வழியில், வள்ளியூர் ரயில் நிலையத்தில் நடந்த விபத்தில் ராஜா இறந்தார். 59 வயது. கடைசிவரை பாடப் போய்க்கொண்டிருந்தவர். அதே வருஷம் வந்த 'பாட்டுக்கு ஒரு தலைவன்' படத்தில், இளையராஜா இசையில் ஜிக்கியின் குரல் கேட்டது. கூடப் பாடியவர் மனோ. ஒரு காலத்தில் துள்ளிய அந்தக் குரலில் வயதின் நடுக்கம் இருந்தது. அந்த நடுக்கத்துக்காகவே அதைத் திரும்பத் திரும்பக் கேட்பவர்கள் உண்டு. நானும் ஒருத்தி.

மாமா இப்போது வாரம் ஒரு பாட்டு பாடிக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போடுகிறார். சில நாள் சுருதி விலகும். இருமல்கூடப் பதிவாகியிருக்கும். அதை வெட்டிவிட்டு அனுப்பலாம் என்று பேத்தி சொன்னாள். "இருக்கட்டும், அதுவும் நாந்தான்" என்றுவிட்டார்.

உங்கள் வீட்டிலும் எப்போதோ பாட்டை நிறுத்திய ஒருவர் இருக்கலாம். பழையபடி பாடச் சொல்லாதீர்கள். இப்போது வருகிறபடி பாடச் சொல்லுங்கள்.