பக்கத்து வீட்டுக் கேமரா

திருவனந்தபுரத்தில் ஒரு வீட்டில் வரன் பார்க்கத் தொடங்கிவிட்டால், விசாரணை முதலில் போய் நிற்கும் இடம் பக்கத்து வீட்டு வாசல். குடும்பம் எப்படி, பையனுக்குக் கெட்ட பழக்கம் ஏதும் உண்டா, பெண் எத்தனை மணிக்கு வீடு திரும்புகிறாள் என்று சம்பந்தம் பேச வருகிறவர்கள் அங்கேதான் கேட்கிறார்கள். பாஸ்போர்ட் விண்ணப்பத்திலும் நம்மைத் தெரிந்த இருவரின் பெயரைக் கொடுக்க வேண்டும். பெரும்பாலான குடும்பங்கள் அண்டை வீட்டார் பெயரையே எழுதுகின்றன. இப்படி ஒரு குடும்பத்தின் நற்பெயருக்கு அடுத்த வீட்டுக்காரர் சாட்சியாகிவிடுகிறார். துருவித் துருவிக் கேட்பவரிடம்கூட முகத்தை முறித்துப் பேச மனிதர்கள் தயங்குவது இதனால்தான்.

அந்தச் சாட்சி பொய் சொன்னால் என்ன ஆகும்? கேரளத்தில் 'கல்யாணம் முடக்கி' என்றே ஒரு வகை மனிதர்களுக்குப் பெயர் இருக்கிறது. 2020 அக்டோபரில் கண்ணூர் மாவட்டம் செறுபுழையில், தனக்கு வந்த வரன்களையெல்லாம் கலைத்தவர் இவர்தான் என்று அண்டை வீட்டுக்காரர் மீது ஆத்திரம் கொண்ட இளைஞர் ஒருவர், ஜேசிபி இயந்திரத்தைக் கொண்டுவந்து அவருடைய கடையை இடித்துத் தள்ளினார். கைதானவர் அந்த இளைஞர்தான். அவருடைய குற்றச்சாட்டு உண்மையோ பொய்யோ, அடுத்த வீட்டு வாய் எவ்வளவு தூரம் காயப்படுத்தக்கூடும் என்பதற்கும், கோபத்தில் எடுக்கும் முடிவு யார் தலையில் விடியும் என்பதற்கும் இந்த ஒரு சம்பவம் போதும்.

கரமனை, வலியசாலை, கோட்டைப் பகுதித் தமிழ்த் தெருக்களில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியே நிற்கும். ஒரு வீட்டில் தாளிக்கும் வாசனை அடுத்த வீட்டுக்குத் தெரியாமல் இருக்காது. உரத்த குரலில் நடந்த சண்டையும் அப்படித்தான். ஆனாலும் அந்தத் தெருக்களில் ஒரு கணக்கு இருந்தது. திண்ணைவரை யாரும் வரலாம். கூடத்துக்கு வேண்டியவர்கள் வரலாம். அதற்கு அப்பால் வீட்டார் அழைத்தால்தான். இன்று நகரம் மதில் சூழ்ந்த தனி வீடுகளாகவும் அடுக்குமாடிகளாகவும் பரவிவிட்டது. மதில் உயர்ந்த அளவுக்கு எட்டிப்பார்க்கும் வழிகளும் உயர்ந்திருக்கின்றன.

கேமரா அவற்றில் ஒன்று. பிள்ளைகள் வளைகுடாவிலோ பெங்களூரிலோ இருக்க, முதியவர்கள் தனியாக வாழும் வீடுகள் இந்த நகரத்தில் ஏராளம். அவர்களுக்குக் கேமரா நிஜமான பாதுகாப்பு. அதை யாரும் குறை சொல்ல முடியாது. தொல்லை அதன் கோணத்தில் இருக்கிறது. தன் கேட்டை நோக்கி இருக்க வேண்டிய கண், கொஞ்சம் திரும்பினாலே பக்கத்து வீட்டுக் கிணற்றடியையும் துணி உலர்த்தும் கொடியையும் படுக்கையறை சன்னலையும் இரவு பகலாகப் பதிவு செய்யத் தொடங்கிவிடுகிறது.

எறணாகுளம் மாவட்டம் சேரானல்லூரைச் சேர்ந்த ஒரு பெண்மணி இந்தக் குறையோடுதான் கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போனார். அடுத்த வீட்டுக் கேமரா தன் வீட்டையே கண்காணிக்கிறது என்பது அவருடைய புகார். 2023 ஜனவரியில் அதை விசாரித்த நீதிபதி வி.ஜி. அருண், பாதுகாப்பின் பெயரால் பக்கத்து வீட்டாரை வேவு பார்க்க இடம் தர முடியாது என்றும், அரசு மாநிலக் காவல்துறைத் தலைவருடன் கலந்து இதற்கு நெறிமுறைகள் வகுக்க வேண்டும் என்றும் கூறினார்.

ஒருவருடைய வேவு ஒரு குடியிருப்போர் சங்கத்தின் வேவாக மாறும்போது இன்னும் கடுமையாகிறது. 2022 ஜூலையில் ஸ்ரீகார்யத்தை அடுத்த சாவடிமுக்கில், பொறியியல் கல்லூரி மாணவர்களும் மாணவிகளும் பேருந்து நிழற்குடையில் சேர்ந்து உட்காருவதைப் பொறுக்காத அப்பகுதிக் குடியிருப்பாளர்கள், நீண்ட இருக்கையை மூன்று தனி இருக்கைகளாக வெட்டிவிட்டார்கள். மாணவர்கள் ஒருவர் மடியில் ஒருவர் உட்கார்ந்து படம் எடுத்து வெளியிட, நாடே பார்த்தது. அப்போதைய மேயர் ஆர்யா ராஜேந்திரன் நேரில் வந்து கண்டித்தார். மாநகராட்சி பிறகு அந்த நிழற்குடையையே அகற்றியது. மறு ஆண்டே நகரின் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில், திருமணமாகாத வாடகைதாரர்கள் எதிர்பாலினத்தவரை வீட்டுக்கு அழைத்து வரக் கூடாது என்று சங்கத்தின் அறிவிப்பு வந்தது. தண்ணீர்த் தொட்டியையும் லிஃப்டையும் பராமரிக்கத் தொடங்கப்பட்ட சங்கங்களுக்கு, வீட்டுக்குள் யார் வரலாம் என்று முடிவு செய்யும் அதிகாரத்தை எவரும் கொடுத்ததில்லை.

அந்தரங்கம் என்பது மேல்நாட்டிலிருந்து வந்த புதுப் பழக்கம் என்று சிலர் வாதிடுவதுண்டு. அது சரியல்ல. வீட்டின் பெண்கள் புழங்கும் பகுதி தெரியும்படி அடுத்த வீட்டுக்காரர் புதிதாகக் கட்டியதை எதிர்த்த வழக்கில், இந்த மண்ணின் வழக்கப்படி அந்தரங்க உரிமை உண்டு என்று அலகாபாத் உயர் நீதிமன்றம் 1888-லேயே ஏற்றுக்கொண்டது. 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின் 18-ஆவது பிரிவும், ஊர் வழக்கம் இருக்குமானால் பக்கத்து வீட்டு அந்தரங்கம் கெடும்படி புதுச் சன்னல் திறக்கக் கூடாது என்பதை எடுத்துக்காட்டாகவே சொல்கிறது. 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். 2025-இல், ஒரே வீட்டில் வாழும் சகோதரர்களுக்கிடையே எழுந்த கல்கத்தா வழக்கில், உடன் வசிப்பவரின் சம்மதம் இல்லாமல் குடியிருப்புப் பகுதிக்குள் கேமரா இயக்கக் கூடாது என்ற உயர் நீதிமன்ற முடிவில் உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்தது. ஒரு பெண்ணின் தனிமையை ஒளிந்து பார்ப்பதும் படமெடுப்பதும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ஆவது பிரிவின்படி குற்றம். முதல் முறைக்கே ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறை.

ஆனால் சட்டம் கடைசிப் படி. அன்றாடத் தொல்லையில் முக்கால்வாசி பேச்சிலேயே தீரக்கூடியது. கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இல்லை. "இன்னும் எதுவும் முடிவாகலை மாமி, முடிவானா உங்ககிட்ட சொல்லாம இருப்போமா?" என்ற ஒரு வரியில் மரியாதையும் இருக்கிறது, கதவும் சாத்தப்படுகிறது. சம்பளம், வைத்திய அறிக்கை, பிள்ளையின் மதிப்பெண், கணவன் மனைவி மனத்தாங்கல் ஆகியவை வீட்டை விட்டு வெளியே போகக் கூடாதவை என்று குடும்பம் கூடிப் பேசி வைத்துக்கொள்ள வேண்டும். பெரியவர்களிடம் கேட்க முடியாததைக் குழந்தைகளிடம் கேட்பவர்கள் எல்லாத் தெருவிலும் உண்டு. வெளியூர்ப் பயணத்தைத் தெரு முழுக்க அறிவிக்கத் தேவையில்லை. பூட்டிய வீட்டைப் பற்றி முன்கூட்டியே தெரிவிக்கக் கேரளக் காவல்துறையின் போல்-ஆப் செயலியில் வசதி இருக்கிறது.

கேமரா விஷயத்தில், முதலில் நேரில் போய் அதன் கோணத்தைக் காட்டும்படி கேட்பதே நல்லது. நம் வீடு தெரியும் பகுதியை மட்டும் மறைத்துவிடும் ஏற்பாடு இன்றைய கேமராக்கள் பலவற்றில் உண்டு என்பது அவருக்கே தெரியாமல் இருக்கலாம். மறுத்தால், தேதியோடு படம் எடுத்துவைத்து எழுத்தில் கேட்கலாம். பிறகு சங்கம், காவல் நிலையம், நீதிமன்றம். 2021-இல் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு நீதிமன்றம், அக்கம்பக்கத்து உரையாடலைக்கூடப் பதிவு செய்யக்கூடிய கதவுமணிக் கேமராக்களை வைத்திருந்தவர் பக்கத்து வீட்டுப் பெண்ணின் உரிமையை மீறினார் என்று தீர்ப்பளித்தது. அதே வகைக் கருவிகள் இன்று இங்கேயும் கடைகளில் கிடைக்கின்றன.

இதே கேரளம்தான் 1998 முதல் குடும்பஸ்ரீ திட்டத்தின் வழியாக அக்கம்பக்கத்துப் பெண்களை அயல்கூட்டங்களாக உட்கார வைத்து, சேமிப்பையும் தொழிலையும் கற்றுக்கொடுத்தது. 2018 வெள்ளத்தில் மொட்டைமாடியில் சிக்கியவர்களைத் தேடி முதலில் வந்தவர்களில் அக்கம்பக்கத்தார் உண்டு. எந்த வீட்டில் படுத்த படுக்கையாக ஒரு பாட்டி இருக்கிறார் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்த அக்கறை நமக்கு வேண்டும். ஆகவே அடுத்த வீட்டில் விளக்கு எரியவில்லை என்றால் கதவைத் தட்டிக் கேளுங்கள். விளக்கு எரியும்போது உள்ளே என்ன நடக்கிறது என்பதை அவர்களிடமே விட்டுவிடுங்கள். உங்கள் வீட்டு வாசலில் கேமரா இருந்தால், இன்றைக்கே ஒருமுறை அதன் திரையைப் பாருங்கள். அதில் அடுத்த வீட்டுச் சன்னல் தெரிந்தால், அவர்கள் வந்து கேட்பதற்கு முன் நீங்களே திருப்பி வையுங்கள்.