கறுப்புத் துணி



லண்டனில் தமிழ்ச் சபையொன்றில் ஊழியஞ்செய்த நாட்களில், உணவுக்குழாயில் புற்றுநோய் கண்ட ஒரு தாயாரைச் சந்தித்து வந்தேன். போர்ஃபிமர் சோடியம் என்னும் மருந்தை அவருடைய இரத்தநாளத்தில் ஏற்றி, ஏறக்குறைய இரண்டு நாள் கழித்து 630 நானோமீட்டர் சிவப்பு லேசர் ஒளியைக் கட்டியின்மேல் செலுத்தினார்கள். ஒளி பட்ட இடத்தில் அம்மருந்து புற்றணுக்களை அழிக்கும். ஆனால் அது தோலிலும் குறைந்தது 30 நாட்கள் தங்கியிருக்கும். வெயில் பட்டால் தோல் வெந்து கொப்பளிக்கும். கண்ணுக்குத் தெரியும் ஒளியே அதைத் தூண்டுவதால், வெயிலுக்குப் பூசும் களிம்பும் உதவாது.

இதைக் கேட்டு அஞ்சிய நான், யாரும் கேளாமலே ஆலோசனை சொல்லும் போதகர் வழக்கப்படி, அறைச் சன்னல்களில் கறுப்புத் துணி கட்டி, விளக்கையும் அணைத்துவைக்கச் சொன்னேன். ஒரு வாரம் அவர் இருளில் அமர்ந்திருந்தார். ஜெபிக்கச் சென்றால் முகம் தெரியாது. குரல் மட்டும் வரும்.

செவிலியர் வந்து திடுக்கிட்டார். நேரடி வெயிலும் கூசும் விளக்கும்தான் ஆகாதாம். அறையின் மெல்லிய வெளிச்சமோ தோலில் எஞ்சிய மருந்தைச் சிறிது சிறிதாகச் சிதைக்குமாம். துணியைக் கட்டியது யாரென்று கேட்டார். தாயார் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

30 நாட்கள் கடந்தபின், கையில் சிறிதளவு இடத்தை மட்டும் 10 நிமிடம் வெயிலில் காட்டிப் பார்க்கச் சொன்னார்கள். வாசற்படியில் அவர் கையை நீட்ட, நான் கடிகாரத்தோடு நின்றேன்.

“பிரசங்கத்துக்கு இப்படி நேரம் பார்த்திருக்கிறீர்களா, ஐயா?” என்று சிரித்தார்.

மறுநாள் தொலைபேசியில் அழைத்தார். தோல் சிவக்கவில்லை.